பாத்திரம் கழுவின தண்ணி எங்கே போகுது?

மாடு வெச்சிருக்கிறவனுக்கு ஊர் சுத்துற யோகம் கிடையாதுன்னு எங்க பக்கத்துல சொல்லுவாங்க. ஆவடி தாண்டி, திருநின்றவூர் பக்கம் ஒன்றரை ஏக்கர்ல நஞ்சில்லா விவசாயம் பண்றோம். பதினோரு வருஷத்துல நானும் வீட்டுக்காரம்மாவும் சேர்ந்து வெளியூர்ல தங்கினதே இல்லை. போன மாசியில, சம்பா அறுவடை முடிஞ்ச கையோட, மச்சானை மாட்டுக்கும் ஜீவாமிர்த டிரம்முக்கும் காவல் வெச்சுட்டு அஞ்சு நாள் கிளம்பிட்டோம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லின்னு காய்கறி போடுற பழைய ஆம்னி வேன்தான் வண்டி. பின்னாடி பாயும் மெத்தையும், ஒரு ஸ்டவ், ரெண்டு தண்ணி கேன். ராத்திரியில அதுலயே படுக்கை.

இப்போ இது ஒரு மோகமா ஆயிருக்கு. கேரள அரசு 2021-லயே கேரவன் சுற்றுலாவுக்குக் கொள்கை அறிவிச்சுச்சு. நம்ம காய்கறி வாங்குறவங்கள்லயே ரெண்டு மூணு குடும்பம் வேனை எடுத்துட்டு மலை ஏறுது. இயற்கையோட இருக்கப் போறோம்னு சொல்றாங்க. நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டுப் போனேன்.

எமரால்டு அணைப் பக்கம் ஒரு கேரட் தோட்டத்தோரமா வண்டியை நிறுத்தி, சமைச்சுச் சாப்பிட்டு, பக்கத்து ஓடையில பாத்திரம் கழுவ உட்கார்ந்தோம். தோட்டத்துக்கார அம்மா ஒருத்தங்க வந்து நின்னாங்க. "ஏன் தம்பி, உங்க ஊர்ல கிணத்துக்குள்ளயே தட்டைக் கழுவுவீங்களா?" அவ்வளவுதான் கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்லை. கொடுமை என்னன்னா, எங்க வீட்ல சாம்பலும் எலுமிச்சைத் தோலும்தான். பயணத்துக்குன்னு மட்டும் சௌகரியமா இருக்கும்னு கடையில சோப்பு வாங்கியிருந்தோம். வீட்டுக்காரம்மா தட்டையெல்லாம் அப்படியே வாரி வண்டியில போட்டுட்டாங்க. அன்னிக்கு முழுக்க ரெண்டு பேரும் சரியாப் பேசிக்கலை.

அந்த ஓடை எங்கே போகுதுன்னு யோசிச்சுப் பாருங்க. எமரால்டு, அவலாஞ்சித் தண்ணி குந்தா வழியா பவானியில சேருது. ஊட்டி ஏரியும் இயற்கையா வந்ததில்ல. ஜான் சல்லிவன் 1820-கள்ல ஓடைகளை மறிச்சுக் கட்டினது. அப்போ ரொம்பப் பெருசு. இன்னிக்குப் பேருந்து நிலையம் நிக்கிறதும், குதிரைப் பந்தய மைதானம் இருந்ததும் அந்த ஏரி இருந்த இடத்துலதான். மிச்சமிருக்குற ஏரிக்குள்ள கோடப்பமந்து கால்வாய் ஊர்ச் சாக்கடையைக் கொண்டுவந்து விடுது. அது நிரம்பி வழிஞ்சா காமராஜ் சாகர், மோயாறு, அப்புறம் பவானிசாகர். கீழ்பவானியில மட்டும் ரெண்டு லட்சம் ஏக்கருக்கு மேல பாசனம். அங்கே நம்ம இயற்கை உழவர்களும் எத்தனையோ பேர் அந்தத் தண்ணியைத்தான் நெல்லுக்கும் மஞ்சளுக்கும் பாய்ச்சுறாங்க.

இதைச் சொல்ல எங்களுக்கு யோக்கியதை குறைச்சல்தான். அம்பத்தூர் எஸ்டேட் கழிவும் வீட்டுச் சாக்கடையும் கொரட்டூர் ஏரியில கலக்குதுன்னு வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு. பக்கத்துல இருக்குற ஏரியை மூக்கைப் பொத்திக்கிட்டுக் கடந்து, ஐநூத்தி சொச்சம் கிலோமீட்டர் ஓட்டிப் போய் இன்னொரு ஏரியை போட்டோ எடுக்கிறோம்.

உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7-லேருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்துச்சு. 2025 கோடையில நீலகிரிக்குச் சாதாரண நாள்ல 6,000, சனி ஞாயிறுல 8,000 வண்டின்னு வரம்பும் வெச்சாங்க. கடைக்காரங்களுக்கு வருத்தம் இருந்தாலும் நான் இதை ஆதரிக்கிறேன். அவலாஞ்சிக் காட்டுக்குள்ள வனத்துறை வண்டியிலதான் போகணும்கிறதும் நல்ல ஏற்பாடு. ஆனா எண்ணிக்கை மட்டும் போதாது. செக்போஸ்ட்டுல பிளாஸ்டிக் பாட்டிலைப் பிடுங்குறாங்க. சோப்புத் தண்ணியையும் கக்கூஸ் தண்ணியையும் யார் பிடுங்குறது?

எனக்கு ஒண்ணு தோணுது. மலையில இயற்கை வேளாண்மை பண்றவங்க தோட்டத்துல ரெண்டு வண்டி நிக்க இடம், ஒரு மக்குக்குழி, ஒரு கழிப்பறை. வர்றவங்க காசு குடுத்து நிக்கட்டும், தோட்டத்துக் கேரட்டையே வாங்கிச் சமைக்கட்டும், கழிவுத் தண்ணி கல்வாழைப் பாத்தியில இறங்கட்டும். ஓடைக்கரையில ராத்திரி வண்டி நிறுத்தினா அபராதம் போடணும். வீட்டுக்காரம்மா இதை ஒத்துக்கலை. "ரெண்டு வண்டி நாலாகும், நாலு ரிசார்ட்டாகும். அப்புறம் கேரட்டு எவன் போடுவான்?"ங்கிறாங்க. அந்தப் பயம் நியாயம்தான். அதனாலதான் ரெண்டு வண்டிக்கு மேல கூடாது, வெள்ளாமை பண்றவங்களுக்கு மட்டும்தான் அனுமதின்னு உழவர் குழுவே முடிவெடுக்கணும்கிறேன். மலை உழவர்கள் என்ன நினைக்கிறீங்கன்னு இதே பத்திரிகைக்கு எழுதுங்க.

மீதி நாளெல்லாம் பாத்திரம் கழுவின தண்ணியைக் காலிக் கேன்ல பிடிச்சு மூடி, நாத்தத்தோட வீடு வரைக்கும் கொண்டுவந்தோம். அதை வாசலோரக் குழியில ஊத்துறப்ப மச்சான் சிரிச்சான். "ஊட்டியிலேருந்து தைலம் கொண்டு வருவீங்கன்னு பார்த்தா!" ஜீவாமிர்தத்தை ஒரு வேளை விடாம கலக்கியிருந்தான். மாடுதான் ரெண்டு நாள் பால் மறுத்துச்சு.