எண்ணெய் வயலில் கடைநிலை வேலைக்கு நேர்வழி வேண்டும்

மாண்புமிகு மத்திய பெட்ரோலியம், இயற்கை எரிவாயுத் துறை அமைச்சர் அவர்களுக்கும், காவிரிப் படுகையில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் பொதுத்துறை நிறுவனங்களின் தலைமைக்கும், தமிழ்நாடு, புதுச்சேரி அரசுகளின் தொழிலாளர் நலன், திறன் மேம்பாட்டுத் துறைகளுக்கும்,



திருவாரூர் மாவட்டத்தில் ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கு ஃபிட்டர் தொழில் கற்றுக்கொடுப்பவன் நான். எண்ணெய் வயலில் கடைநிலை வேலைக்காவது போய்விட வேண்டும் என்று என்னிடம் வந்து நிற்கும் பிள்ளைகளுக்காக இந்த மடலை எழுதுகிறேன். அவர்கள் அதிகாரி நாற்காலி கேட்கவில்லை. கிணறு தோண்டும் ரிக்கில் பைப் பிடிக்கும் வேலை, எரிவாயு சேகரிப்பு நிலையத்தில் வால்வு பார்க்கும் வேலை, வெல்டருக்குக் கையாள் வேலை, இவைதான் அவர்கள் கேட்பவை. இந்த வேலைகளுக்குப் போக நேரான ஒரு வழி வேண்டும் என்பதே என் கோரிக்கை.

காவிரிப் படுகைக்கு எண்ணெய் புதிதல்ல. எண்ணெய், எரிவாயு தேடும் ஓ.என்.ஜி.சி. 1956இல் தொடங்கப்பட்டது, 1960களிலேயே காரைக்காலில் துளையிட்டுப் பார்த்துவிட்டார்கள். நரிமணம், அடியக்கமங்கலம், கமலாபுரம், கோவில்களப்பால் என்று வயல்களின் பெயர்களெல்லாம் எங்கள் ஊர்ப் பெயர்கள். 1993இல் நாகப்பட்டினம் அருகே பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலை வந்தது. இங்கே கிடைக்கும் எரிவாயுவை நம்பித் திருமக்கோட்டையிலும் குத்தாலத்திலும் மின்நிலையங்கள் கட்டினார்கள். இரண்டு தலைமுறையாக இந்தத் தொழிலுக்குப் பக்கத்திலேயே வாழ்கிறோம். ஆனாலும், ஐ.டி.ஐ. முடித்த ஒரு பிள்ளை, "இந்த வேலைக்கு எங்கே சார் அப்ளிகேஷன் போடணும்?" என்று கேட்டால், இதோ என்று எடுத்துக் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. "இன்னாரைப் போய்ப் பாரு" என்றுதான் ஊர் சொல்கிறது.

பயிற்சிக்கு மட்டும் வெளிப்படையான வழி ஒன்று உண்டு, அப்ரண்டிஸ். 2025 அக்டோபரில் ஓ.என்.ஜி.சி. நாடு முழுவதற்குமாக 2,623 அப்ரண்டிஸ் இடங்களை அறிவித்தது. காரைக்காலும் அதற்கான பயிற்சி மையங்களில் ஒன்று. 18 வயது முதல் 24 வயது வரை விண்ணப்பிக்கலாம், மதிப்பெண்ணைப் பார்த்து எடுக்கிறார்கள். யாரையும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. இதை மனதாரப் பாராட்டுகிறேன். பயிற்சி முடிந்த மறுநாள் அந்தப் பிள்ளை எங்கே போவது என்பதுதான் என் கவலை. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டம் வேலை தந்தே தீர வேண்டும் என்று நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் 2014இல் திருத்திய பிறகு அதே சட்டம், பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையைத் தமிழில் அச்சிட்டு எங்கள் அறிவிப்புப் பலகைக்கு அனுப்புங்கள். ஓராண்டு உழைப்புக்குப் பிறகு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று பெற்றோரும் பிள்ளையும் முதலிலேயே தெரிந்துகொள்ளட்டும்.

அடுத்த வழி ஒப்பந்தக்காரர்களுடையது. வயலின் அன்றாட வேலைகளில் நிறைய அவர்கள் கையில்தான் இருக்கின்றன. என்னிடம் படித்த ஒருவன், கைவேலையில் கெட்டிக்காரன், ஒப்பந்த நிறுவனம் ஒன்றுக்கு வேலை கேட்டுப் போனான். "ரிக்குல ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நீச்சல் தெரிந்தவன்தான் குளத்தில் இறங்கலாம் என்றால் எவன்தான் நீச்சல் பழகுவது? அன்று சாயங்காலமே தரகர் ஒருவர் போன் போட்டார். அனுபவச் சான்றிதழுக்கும் அவரே ஏற்பாடு செய்வாராம், கேட் பாஸும் வாங்கித் தருவாராம், அதற்கு ஒரு தொகை ஆகுமாம். பையனின் அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைத்துக்கொண்டு என்னிடம் யோசனை கேட்க வந்தார். வேண்டாம் என்றேன். நான் சொன்னதைக் கேட்டதால் அந்தப் பையன் இன்று திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். பணம் கட்டிய இன்னொரு பையன் ரிக்கில் இருக்கிறான். நேர்மையாக இருந்தவனுக்கு வழி அடைபட்டது என்பதை இந்தத் தொழிலை நடத்துகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதைப் பண விஷயம் என்று மட்டும் பார்க்காதீர்கள், இது உயிர் விஷயம். பொய்ச் சான்றிதழோடு உள்ளே போகிறவனை எல்லாரும் வேலை தெரிந்தவன் என்றே நினைப்பார்கள். அதனால் யாரும் அவனுக்குச் சொல்லித்தர மாட்டார்கள். அவனும் வாய்திறந்து கேட்க மாட்டான், கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒர்க் ஓவர் ரிக்கின் தளத்தை நினைத்துப் பாருங்கள். பழைய கிணற்றுக்குள்ளிருந்து முப்பதடி நீளக் குழாய்களை ஒவ்வொன்றாக உருவி எடுக்க வேண்டும். குழாய் கீழே நழுவாமல் ஸ்லிப்ஸ் கவ்விப் பிடிக்க, டாங் என்கிற இரும்புப் பிடி மரையைத் திருகிக் கழற்றும். காலடியில் சேறும் எண்ணெயும் கலந்து வழுக்கும். இன்ஜின் இரைச்சலில் பேச்சு கேட்காது, கை ஜாடைதான். அந்த ஜாடை புரியாமல் ஒரு கணம் கையைத் தவறான இடத்தில் வைத்தவனுக்கு விரல் போய்விடும். ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு இருக்கும் வயலில் ஆபத்து இன்னொரு விதம். கொஞ்சமாகக் கசிந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அதிகமாகக் கசிந்தால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. பயிற்சி இல்லாதவன் நாற்றம் நின்றதும் ஆபத்தும் போய்விட்டதென்று நினைத்து அங்கேயே நிற்பான். 2020இல் அசாமின் பாக்ஜான் கிணறு வெடித்துப் பீறிட்டு, ஜூன் மாதம் தீப்பிடித்தபோது இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். தீயை முழுதாக அடக்க நவம்பர் வரை ஆனது. தேர்ந்தவர்களே திணறும் தொழில் இது.

சட்டம் இல்லாமலில்லை. நம் நாட்டில் எண்ணெய்க் கிணறும் சட்டப்படி சுரங்கம்தான். புதிதாக வருகிறவனுக்கு முதலில் பயிற்சி, பிறகுதான் வேலை என்று 1966ஆம் ஆண்டின் சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகளே சொல்லிவிட்டன. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளியிடம் ஒப்பந்தக்காரர் கட்டணமோ கமிஷனோ வாங்கக் கூடாது என்றும் தெளிவாகச் சொல்கின்றன. வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் கூட அரசில் பதிவு செய்ய வேண்டும், வரி நீங்கலாக 30,000 ரூபாய்க்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது. உள்ளூர்த் தரகருக்குப் பதிவும் இல்லை, ரசீதும் இல்லை, கேட்பாரும் இல்லை.

திறன் வளர்க்கவென்றே பெட்ரோலியத் துறையின் பொதுத்துறை நிறுவனங்கள் புவனேஸ்வர், விசாகப்பட்டினம், கொச்சி, அகமதாபாத், குவாஹாட்டி, ரேபரேலி ஆகிய ஆறு ஊர்களில் பயிற்சி நிலையங்கள் நிறுவின. இந்த ஆறில் ஒன்றுகூடக் காவிரிப் படுகையில் இல்லை.

ஆகவே நான் கேட்பவை இவை:

1. ஒப்பந்தக்காரர்கள் எடுக்கப்போகும் கடைநிலைப் பணியிடங்களை, தகுதி, சம்பளம், ஷிப்ட் நேரம் உள்ளிட்ட விவரங்களோடு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் அந்தந்த ஊராட்சியிலும் தமிழில் ஒட்ட வேண்டும். டெண்டரிலேயே இதை நிபந்தனையாக்குங்கள்.

2. ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் ஒரு பங்கு இடங்களை அனுபவம் கேட்காத புதியவர்களுக்கு ஒதுக்க வேண்டும். முதல் சில மாதங்களுக்கு மூத்த தொழிலாளி ஒருவரின் பொறுப்பில் அவர்களை விட வேண்டும்.

3. ரிக் தள வேலை, வாயுப் பாதுகாப்பு, தீயணைப்பு ஆகியவற்றுக்கான குறுகிய காலப் பயிற்சியைக் காவிரி டெல்டாவின் அரசு ஐ.டி.ஐ.க்களிலேயே கட்டணமின்றி நடத்த வேண்டும். ஓய்வுபெற்ற டிரில்லர்களும் ரிக்மேன்களும் இங்கேயே இருக்கிறார்கள். அவர்களைப் பயிற்றுநர்களாக அழையுங்கள். அந்தச் சான்றிதழை எல்லா ஒப்பந்தக்காரர்களும் ஏற்க வேண்டும்.

4. அனுபவச் சான்றிதழைக் கொடுத்த நிறுவனத்திடமே சரிபார்த்த பிறகுதான் கேட் பாஸ் தர வேண்டும். வேலைக்குப் பணம் வாங்கியது உறுதியானால் அந்த ஒப்பந்தக்காரரைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

"கிணறு வேண்டாமென்று போராடுவதும் நீங்கள், வேலை கேட்பதும் நீங்களா?" என்று ஒரு கேள்வி வரும். 2017இல் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பாய்ந்ததை நாங்கள் மறக்கவில்லை. புதுக் கிணறுகளுக்குத் தடை போட்டு 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நானும் வரவேற்றவன்தான். புதுக் கிணறு தோண்டு என்று இந்த மடலில் ஒரு வரிகூட இல்லை. அந்தச் சட்டம் கைவைக்காத பழைய கிணறுகள் இருக்கின்றன. அவற்றைப் பராமரிக்கவும், பயன் தீர்ந்தவற்றைச் சிமென்ட் போட்டு முறையாக மூடவும், பழைய குழாய்களைச் சோதித்து மாற்றவும் ஆள் வேண்டும். குழாய் கசிந்தால் தன் வீட்டு நிலம்தான் பாழாகும் என்று தெரிந்தவன் அந்த வேலையைக் கூடுதல் கவனத்தோடு செய்வான். விவசாயியின் அக்கறையும் வேலை தேடும் பிள்ளையின் அக்கறையும் இங்கே ஒன்றுதான்.

உள்ளூர்க்காரன் என்பதற்காக மட்டும் வேலை கொடுங்கள் என்றும் நான் கேட்கவில்லை. அசாமிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து எங்கள் ரிக்குகளில் உழைக்கும் பிள்ளைகளும் ஏதோ ஒரு தரகருக்குக் கடன்பட்டு வந்திருக்கலாம். நான் கேட்கும் பாதுகாப்பு அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இந்த நான்கில் எதற்கும் புதுச் சட்டம் வேண்டியதில்லை. ஒரு சுற்றறிக்கையும் டெண்டர் ஆவணத்தில் சில வரிகளும் போதும். அடுத்த ஒப்பந்தம் கோரும் முன் இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், ஏன் மறுக்கிறீர்கள் என்று பொதுவெளியில் பதில் சொல்லுங்கள். இந்த ஆண்டு தேர்வெழுதி வெளியே வரும் என் மாணவர்களிடம் உங்கள் பதிலை அப்படியே படித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
திருவாரூர் மாவட்டத்து ஐ.டி.ஐ. ஆசிரியர் ஒருவர்