கறுப்புத் தண்ணீரில் வண்ணம்

அந்தமானின் சாத்தம் தீவில்தான் 1858 மார்ச்சில் டாக்டர் வாக்கர் 200 கைதிகளோடு முதல் முகாம் போட்டார். குடிநீர் போதாமல் அன்றைய ராஸ் தீவுக்கு மாறினார்கள். பின்னர் போர்ட் பிளேரில் எழுந்து 1906இல் முடிந்த செல்லுலார் சிறையைத் தமிழர்கள் 1996இல் பெஞ்சு டிக்கெட்டில் பார்த்தார்கள். படம், பிரியதர்ஷனின் 'சிறைச்சாலை', மலையாளத்தில் 'காலாபாணி'. சந்தோஷ் சிவனின் ஒளிப்பதிவுக்கும் சாபு சிரிலின் கலைக்கும் தேசிய விருது.

இளையராஜாவின் பாட்டில் ஊரும் காதலும் பச்சைப்பசேலென்று விரியும். பாட்டு முடிந்தால் இருட்டுக் கொட்டடி. சித்திரவதைக் கதைக்கு இத்தனை அழகு ஏன் என்று கேட்கலாம். கைதி எதைப் பறிகொடுத்தான் என்று வேறு எப்படிக் காட்டுவது? கீறல் விழுந்த பிரிண்டில், புழுக்கமான கொட்டகையிலும் அது முன்வரிசைக்குப் புரிந்தது.