டைரியைப் பிடுங்காதீர்கள்

“மூளையும் தசை மாதிரிதான், வேலை கொடுத்தால் ஞாபகம் தானாகத் திரும்பும்.” பெரியவர்களுக்கு மறதி எட்டிப்பார்க்கத் தொடங்கிய வீடுகளில் இந்த வாசகத்துக்கு மறுபேச்சு கிடையாது. உடனே அப்பாவின் செல்போனில் ஒரு மூளை விளையாட்டுச் செயலி ஏறும். கூடவே, “எழுதி எழுதித்தான் ஞாபகசக்தியே போச்சு, யோசிச்சுச் சொல்லுங்கப்பா” என்று அவருடைய டைரிக்குத் தடை விழும். அக்கறையில் செய்வதுதான். ஆனால் ஆய்வுகள் சொல்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு.

இங்கே பேச்சு, மருத்துவர்கள் எம்.சி.ஐ. என்று சுருக்கிச் சொல்லும் லேசான அறிதிறன் குறைபாடு பற்றியது. சொன்னதையே சொல்வார், மருத்துவரைப் பார்க்க வேண்டிய நாளை மறப்பார். ஆனால் சமையல், பஸ் பயணம், வங்கி வேலை எல்லாம் அவரே பார்த்துக்கொள்வார். அமெரிக்க நரம்பியல் கழகத்தின் 2018 வழிகாட்டுதல்படி 60–64 வயதினரில் 6.7 சதவீதம் பேருக்கும், 80–84 வயதினரில் 25.2 சதவீதம் பேருக்கும் இது இருக்கிறது.

முதலில் அந்தத் தசைக் கணக்கு. அமெரிக்காவில் ‘ஆக்டிவ்’ என்ற பெரிய ஆய்வு, 65 வயது தாண்டிய 2,832 பேரைப் பிரித்து, சிலருக்கு நினைவுப் பயிற்சி, சிலருக்குத் தர்க்கப் பயிற்சி, சிலருக்குக் கண்ணில் பட்டதைச் சட்டென்று கிரகிக்கும் வேகப் பயிற்சி என்று கொடுத்தது. மற்றொரு பிரிவினருக்கு எந்தப் பயிற்சியும் இல்லை. நினைவுப் பயிற்சிக்காரர்கள் சொற்பட்டியலை மனதில் நிறுத்தும் உத்திகளில் நன்றாகவே தேறினார்கள். 2007-இல் ஆய்வாளர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: பயிற்சிக்கு வரும்போதே நினைவு பலவீனமாக இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களுக்கு நினைவுப் பயிற்சி பலன் தரவில்லை. தர்க்கத்திலும் வேகத்திலும் பயிற்சி பெற்றவர்களோ மற்றவர்களைப் போலவே முன்னேறினார்கள். நல்ல நினைவு உள்ளவருக்குக் கைகொடுக்கும் உத்தி, யாருக்கு அவசரத் தேவையோ அவரிடம் எடுபடவில்லை.

செயலிகளின் கதை இன்னும் சுவாரசியம். வயது மறதியைத் தள்ளிப்போடலாம், டிமென்ஷியாவிலிருந்து காத்துக்கொள்ளலாம் என்ற தொனியில் விளம்பரம் செய்த லூமோசிட்டி நிறுவனம், அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்ற அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள 2016-இல் 20 லட்சம் டாலர் கட்டியது. எம்.சி.ஐ. உள்ள 107 பேரை 78 வாரம் கவனித்து 2022-இல் வெளியான கொலம்பியா, டியூக் பல்கலைக்கழகங்களின் ஆய்விலும் கணினி விளையாட்டுகளை முந்தியது சாதாரணக் குறுக்கெழுத்துதான். நாளிதழின் கட்டங்களோடு காலையில் உட்காரும் தாத்தாக்கள் மீசையை முறுக்கிக்கொள்ளலாம், கொஞ்சமாக. எதுவுமே செய்யாத மூன்றாவது குழு அந்த ஆய்வில் இல்லை. ஆகவே குறுக்கெழுத்து மறதியைத் தடுக்கும் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

டைரிதான் ஞாபகத்தைக் கெடுக்கிறது என்ற குற்றச்சாட்டு இருப்பதிலேயே அநியாயமானது. மேயோ கிளினிக்கின் ‘ஹேபிட்’ என்ற எம்.சி.ஐ. பயிற்சித் திட்டத்தில் நடுநாயகமே ஒரு சிறு நாட்குறிப்புதான். ஒரு நாளுக்கு இரண்டு பக்கம், அதில் மூன்று பகுதி: நேரம் குறித்த வேலைகள், இன்றைக்குள் எப்போதாவது முடிக்க வேண்டியவை, நடந்தவை. “மாலை 5 மணி, பல் டாக்டர்” முதல் பகுதிக்கு. “கரண்ட் பில் கட்டணும்” இரண்டாவதற்கு. “தங்கச்சி போன் பண்ணா, பேரனுக்குக் காய்ச்சலாம்” மூன்றாவதற்கு. மூன்றாவது பகுதி இருந்தால், அதே கேள்வியைத் தங்கையிடம் நாலாவது முறை கேட்க வேண்டியதில்லை. எங்கே போனாலும் டைரி கூடவே வர வேண்டும். எடுத்துப் பார்ப்பது அனிச்சையாகும் வரை, துணைவரோ பிள்ளையோ பக்கத்திலிருக்கப் பழக்குகிறார்கள்.

மறதிக்காரர் டைரியை மட்டும் எப்படி மறக்காமல் இருப்பார்? எம்.சி.ஐ.க்குப் பின்னால் பல நேரம் இருக்கும் அல்சைமர் நோய், நடந்ததை நினைவில் வைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியைத் தொடக்கத்திலேயே தாக்குகிறது. பழக்கங்களைக் காக்கும் பகுதிகள் வேறு. அவை வெகுகாலம் தாக்குப்பிடிக்கும். உடைந்ததைப் போட்டு உலுக்காமல், உடையாததன் மேல் பாரத்தை ஏற்றுகிறது இந்தப் பயிற்சி.

“இது யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்?” என்று விருந்தாளி முன்னால் நடக்கும் வாய்மொழித் தேர்வும் பயிற்சி அல்ல. கடும் நினைவிழப்பு உள்ளவர்களிடம் ஆலன் பேட்லியும் பார்பரா வில்சனும் 1994-இல் கண்டது இது: ஊகித்துச் சொன்ன தவறான விடையே அவர்களிடம் பதிந்துவிடுகிறது, சரியானதை முதலிலேயே சொல்லிக்கொடுத்தால் நன்றாகக் கற்கிறார்கள். எம்.சி.ஐ. அந்த அளவுக்குக் கடுமையானது அல்ல. இருந்தாலும் “உங்க சித்தப்பா பையன் ரவி வந்திருக்கான்” என்று சொல்லிவிடுவதில் யாருக்கு என்ன நஷ்டம்?

பயிற்சியே வீண் என்பதல்ல. அதே 2018 வழிகாட்டுதல் அறிதிறன் பயிற்சியைப் ‘பரிந்துரைக்கலாம்’ என்ற அளவில் வைக்கிறது. வாரம் இருமுறை உடற்பயிற்சியை அதைவிட அழுத்தமாகச் சொல்கிறது. 2019-இல் வெளியான ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வில் மேல் ரத்த அழுத்தத்தை 120-க்குக் கீழே கொண்டுவர முயன்ற குழுவில், 140-ஐ இலக்காக வைத்த குழுவைவிட எம்.சி.ஐ. 19 சதவீதம் குறைவு. அப்பாவின் செயலிக்குச் சந்தா கட்டும் பிள்ளைகள் அவருடைய பி.பி. எவ்வளவு என்று கேட்டிருப்பார்களா? தைராய்டு, பி-12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் ஆகியவையும் மறதியைக் கொண்டுவரும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. அதற்கு முதலில் மருத்துவரிடம் போக வேண்டும், அந்த நாளை டைரியில் குறித்துக்கொண்டு.