நடு மலையில் இடி இடித்தால் சைக்கிள்காரர்கள் எங்கே ஒதுங்குவது?

கள்ளக்குறிச்சி,

கல்வராயன்மலையில் கியர் சைக்கிள் மிதிப்பது லேசான காரியம் அல்ல! 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கிலேயே சேர்க்கப்பட்ட பந்தயம்தான் மலை சைக்கிள். ஆனால் இந்த மலையின் வெயிலும் மழையும் தனி ரகம்.

கச்சிராயப்பாளையம் பக்கம் இருந்து வெள்ளிமலைக்கு ஏறினால் வளைவுக்கு மேல் வளைவு. சித்திரை, வைகாசியில் காலை 10 மணிக்கே உடம்பு வெந்துவிடும். மத்தியானத்துக்கு மேல் மேகம் திரளும். அப்புறம் இடி, மின்னல்! இருட்டோடு கிளம்பி உச்சிப் பொழுதுக்குள் இறங்குகிறவனே புத்திசாலி.

"டயர் ரப்பர்தானே, மின்னல் ஒண்ணும் பண்ணாது" என்று சிலர் நினைக்கிறார்கள். சுத்தத் தவறு! வானத்தில் இருந்து மைல் கணக்கில் பாய்ந்து வருகிற மின்னலுக்கு அரை அங்குல ரப்பர் ஒரு தடையா? காரில் போகிறவரைக் காப்பாற்றுவது சுற்றி இருக்கும் இரும்புக் கூடு, டயர் அல்ல. சைக்கிளுக்குக் கூடு ஏது?

மரத்தடியில் ஒதுங்கினால் இன்னும் மோசம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை வெளியே வரக் கூடாது என்கிறார்கள் நிபுணர்கள். சரி, எதற்குள் இருந்து வெளியே வருவது?

ஊருக்குள் என்றால் பள்ளிக்கூடம் உண்டு. நடு மலையில்? திறந்த நிழற்குடை மழைக்கு ஆகும், மின்னலுக்கு ஆகாது. நாலு பக்கமும் சுவர் வைத்து, இடிதாங்கி போட்ட கட்டிடம் வேண்டும். சைக்கிள்காரர்களுக்கு மட்டுமா? ஆடு மேய்க்கும் மலைவாழ் மக்களும் அதில்தானே ஒதுங்குவார்கள்!

2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகிவிட்டது. விழுப்புரத்துக்கு மனு கொண்டு ஓட வேண்டியதில்லை. அடுத்த கோடை மழைக்கு முன்னால் கலெக்டர் ஆபீசில் இருந்து ஆள் வந்து இடம் பார்ப்பார்களா?