வென்ற கூலி கைக்கு வருவது எப்போது?

பகார் பாக்கிக்காக வழக்குப் போட்ட நம் தோழர்கள் பலர், அதிகாரி தீர்ப்புச் சொன்ன அன்றே வழக்கு முடிந்துவிட்டதாக எண்ணி வீட்டுக்குப் போகிறார்கள். அது முடிவதில்லை. முதலாளி அப்பீல் போகிறான். அங்கே, வேலை செய்தாரா, கூலி கொடுத்தானா என்ற கேள்விகள் பின்னே போய், தேதி, கையொப்பம், வக்காலத்து என்ற கேள்விகள் முன்னே வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில் இதற்கு ஒரு நல்ல காவல் இருந்தது. அதன் 17-ஆவது பிரிவின்படி அப்பீலுக்கு 30 நாள்தான் கெடு. அதைவிட முக்கியமானது இது: தீர்ப்பான தொகையை அதிகாரியிடம் கட்டிவிட்டதற்குச் சான்றிதழ் வைக்காமல் முதலாளியின் அப்பீல் செல்லாது. பணம் முதலில், வாதம் பிறகு. இழுத்தடித்துப் பார்க்கலாம் என்ற ஆசைக்கு அங்கே பூட்டு விழுந்தது.

2025 நவம்பர் 21 அன்று அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. அதில் நல்லதும் உண்டு, மறைக்க மாட்டோம். மனுப் போட 12 மாதமாக இருந்த கெடு இப்போது 3 ஆண்டு. ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் கெடுவைத் தவறவிட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் 49-ஆவது பிரிவைப் பாருங்கள். அப்பீலுக்கு 90 நாள். தக்க காரணம் காட்டினால் அதற்குப் பின்னும் ஏற்கலாம். விசாரிப்பவர் நீதிபதி அல்ல, ஒரு படி மேலான அரசு அதிகாரி. 3 மாதத்தில் முடிக்க 'முயற்சி' செய்யவேண்டுமாம். தொகையைக் கட்டிவிட்டு வா என்ற அந்த ஒரு வரியை மட்டும் காணோம்! யாருக்காக அதை எடுத்தார்கள்?

ஆள் பலத்தையும் பாருங்கள். 45-ஆவது பிரிவின்படி தொழிலாளி தானே மனுப் போடலாம், அவர் உறுப்பினராக உள்ள பதிவு பெற்ற தொழிற்சங்கம் போடலாம், ஆய்வாளர் போடலாம். பழைய சட்டம் வக்கீலையும் சேர்த்துச் சொன்னது. இந்தப் பட்டியலில் அவர் இல்லை. நம்முடையது தொழிற்சங்கம் அல்ல. துணைக்கு வரலாம், மனுப் போட முடியாது. ஆகவே எந்தத் தொழிற்சங்கத்திலும் சேராமல் தாராவியில் தோல் பை தைப்பவரும், கட்டட வேலைக்குப் போகும் பெண்ணும் மராத்தி நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு தனியே நிற்கிறார்கள். நம் பெயர்களே வாய்தாவுக்குக் காரணமாகிவிடுகின்றன. மஸ்டர் ரோலில் ஒரு பெயர், ஆதாரில் தகப்பனார் பெயர் பின்னே, பாங்கு புத்தகத்தில் வெறும் இனிஷியல். இவர்தான் அவரா என்று எதிர்த்தரப்பு கேட்டால் போதும், ஒரு வாய்தா. ஒரு வாய்தா என்றால் ஒரு நாள் கூலி. சால் அறை மாறியதை எழுதிக் கொடுக்காவிட்டால் நோட்டீஸ் திரும்பிப் போய், ஒருதலைத் தீர்ப்பே வந்துவிடும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று ஒதுங்குகிறவர்கள் 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தை அறியவேண்டும். அதன் 12-ஆவது பிரிவு தொழிற்சாலைத் தொழிலாளிக்கும், பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானக் கணக்குப் பாராமல் இலவச சட்ட உதவி தருகிறது. வழக்கில் முகாந்திரம் இருந்தால் போதும். நீதிமன்றம் மட்டுமல்ல, நீதிமன்றம்போல் விசாரிக்கும் அதிகாரியின் முன்னும் இது உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் மனு எழுதிக் கொடுக்கவேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு நாம் எழுதித் தருவோம்.

49-ஆவது பிரிவில் பழைய வரியைத் திரும்பச் சேர்ப்பது நாடாளுமன்றத்தின் வேலை. தாராவி அடங்கிய மும்பை தென்மத்தியத் தொகுதியின் உறுப்பினரிடமிருந்தே கேட்கத் தொடங்குவோம்.