ஆட்டம் தெரிந்தால் போதுமா? வகுப்பும் பார்க்க வேண்டும்!

நன்றாக ஆடும் பிள்ளைக்கு விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்க, திறமை மட்டும் போதாது. எந்த வகுப்பு என்பதும் முக்கியம்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 1992-ல் அமைக்கப்பட்டது. மாணவர்களுக்கும் மாணவிகளுக்கும் அது விடுதிகள் நடத்துகிறது. சாப்பாடு, தங்கும் இடம், பயிற்சி எல்லாம் இலவசம். ஆனால், 7, 8, 9, 11-ம் வகுப்புகளில் சேருகிறவர்களைத்தான் எடுக்கிறார்கள். 10-ம் வகுப்புக்குப் போகும் பிள்ளை ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும்!

முதலில் மாவட்டத் தேர்வு. அதில் தேறியவர்களுக்கு மாநிலத் தேர்வு. காங்கேயம் பிள்ளைகள் திருப்பூர் மாவட்டத் தேர்வில் ஆட வேண்டும். அரிசி ஆலையில் வேலை செய்யும் தகப்பனார் ஒரு நாள் கூலியை விட்டால்தான் பிள்ளையை அழைத்துப் போக முடியும்.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு தகராறு எழுந்தது. அங்கே கல்லூரிப் பயிற்சியாளர்கள் வெளியூர்களில் நடக்கும் முகாம்களுக்குச் சென்று, உயர்நிலைப் பள்ளி ஆட்டக்காரர்களைப் பார்த்து வந்தார்கள். 2016 ஏப்ரல் 8-ந் தேதி கல்லூரி விளையாட்டுச் சங்கம் அதற்குத் தடை போட்டது. கல்லூரி கல்லூரியாக அலையப் பணம் இல்லாத பையன்கள் என்ன செய்வார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. 20 நாளில் தடை நீங்கியது.

பிள்ளை தேர்வைத் தேடிப் போவதைவிட, தேர்வு பிள்ளையைத் தேடி வருவது நல்லது. காங்கேயம் போன்ற ஊர்களிலேயே முதல் தேர்வை நடத்தினால், ஏழை வீட்டுப் பிள்ளையும் களத்தில் இறங்கும்.

அதுவரை பெற்றோர் சும்மா இருக்கலாகாது. முழு ஆண்டுப் பரீட்சை நெருங்கும்போதே உடற்பயிற்சி ஆசிரியரிடம் தேர்வு நாளைக் கேட்டு வைக்க வேண்டும். நாள் தவறினால் ஓர் ஆண்டு போய்விடும்!