ஜெபக்குழு திருச்சபையாகும்போது: காத்தோங்கில் யார் பொறுப்பேற்கலாம்?

காத்தோங்கில் வழிபாட்டு இடங்களுக்குப் பஞ்சமில்லை. சிலோன் ரோட்டில் மட்டும் ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயமும் 1934ல் தொடங்கிய செயின்ட் ஹில்டா ஆங்கிலிக்கன் தேவாலயமும் சில நிமிட நடைத்தொலைவில் இருக்கின்றன. சேப்பல் ரோட்டில் ஹோலி ஃபேமிலி கத்தோலிக்கத் தேவாலயம், பென்னஃபாதர் ரோட்டில் பெத்தெஸ்டா சபை. 2024 ஜூன் 23ஆம் தேதி தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் தஞ்சோங் காத்தோங், மரின் பரேட் நிலையங்கள் திறந்தபின் இவ்வட்டாரத்துக்கு வந்துபோவதும் எளிதாகிவிட்டது.

கடலோரக் கூட்டுரிமைக் குடியிருப்புகளில் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் கணிசமாக வசிக்கின்றன. அவற்றில் ஐந்தாறு குடும்பங்கள் வெள்ளிக்கிழமை இரவுகளில் ஒருவர் வீட்டுக் கூடத்தில் கூடித் தமிழில் பாடி ஜெபிக்கத் தொடங்குவதில் வியப்பில்லை. அந்தக் குழு ஒருநாள் “நாம் ஏன் ஒரு சபையாகக் கூடாது?” என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அந்தக் குழு பாப்டிஸ்ட் மரபைச் சேர்ந்ததாக இருந்தால் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. காரணம், பாப்டிஸ்டுகளுக்குச் சபை என்பது கட்டடமோ மேலிருந்து வரும் நியமனமோ அல்ல. அது உறுப்பினர்களின் கையெழுத்தில் பிறப்பது.

தமிழ்க் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோருக்கு இது பழக்கமில்லாத முறை. 1947 செப்டம்பர் 27ல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் உள்ளிட்ட சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது பாப்டிஸ்டுகள் அதில் சேரவில்லை. சிஎஸ்ஐ மரபில் வளர்ந்தவருக்குப் பேராயர் உண்டு, திருமண்டலம் உண்டு. போதகரை மாற்றுவது மேலிடத்தின் வேலை. சிங்கப்பூரில் ஷார்ட் ஸ்திரீட் தமிழ் மெதடிஸ்ட் சபையில் வளர்ந்தவருக்கும் அப்படித்தான்; அங்கே போதகர்களை அனுப்புவது மெதடிஸ்ட் திருச்சபையின் தமிழ் ஆண்டு மாநாடு.

பாப்டிஸ்டுகளிடம் இந்த ஏணியே கிடையாது. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் தருவதில்லை. விசுவாசத்தைத் தானே அறிக்கையிடுபவருக்கு மட்டும், அதுவும் நீரில் முழுதாக மூழ்கச்செய்து தருவார்கள். அப்படி ஞானஸ்நானம் பெற்றவர்களே சபையின் உறுப்பினர்கள். போதகரை அழைப்பதும் அனுப்பிவைப்பதும், வரவுசெலவை ஏற்பதும் மறுப்பதும் அவர்களுடைய வாக்கு.

தமிழ்நாட்டில் இவர்கள் எண்ணிக்கையில் சிறியவர்கள் என்றாலும் புதியவர்கள் அல்லர். 1861ல் லண்டனில் தொடங்கப்பட்ட ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் தமிழ்ப் பகுதிகளில் வேரூன்றியது. கொல்லிமலையில் உழைத்து 1929ல் அங்கேயே காய்ச்சலில் இறந்த ஜெசி பிராண்டு அந்த மிஷனைச் சேர்ந்தவர். வேலூர் மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து உலகப் புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்டு அவருடைய மகன்.

ஒரு குழு முறைப்படி பாப்டிஸ்ட் சபையாவது எப்படி? வழக்கமாக முதலில் மூன்று ஆவணங்கள் தயாராகும்: என்ன நம்புகிறோம் என்னும் விசுவாச அறிக்கை, ஒருவரோடு ஒருவர் எப்படி நடந்துகொள்வோம் என்னும் உடன்படிக்கை, சபையை எப்படி நடத்துவோம் என்னும் சட்டதிட்டம். அக்கம்பக்கத்துச் சகோதர சபைகளின் போதகர்கள் வந்து அவற்றைப் படிப்பார்கள், கேள்வி கேட்பார்கள், ஆலோசனை சொல்வார்கள். உத்தரவிட அவர்களுக்கு அதிகாரமில்லை. பிறகு ஒரு குறிப்பிட்ட நாளில் தொடக்க உறுப்பினர்கள் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, போதகரையும் உதவிக்காரர்களையும் வாக்களித்துத் தேர்ந்து, சேர்ந்து திருவிருந்தில் பங்கெடுப்பார்கள். அன்றிலிருந்து அது சபை.

சிங்கப்பூர்ச் சட்டம் கேட்பதும் ஏறக்குறைய இதே தாள்களைத்தான் என்பது பலர் கவனிக்காத செய்தி. பத்துப் பேரோ அதற்கு மேலோ கொண்ட அமைப்பு சங்கங்கள் சட்டத்தின்கீழ் பதிவாக வேண்டும். பல சங்கங்கள் இப்போது உடனடியாகப் பதிவாகிவிடுகின்றன. ஆனால் சமயம் சார்ந்தவை அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றின் விண்ணப்பம் பரிசீலிக்கப்படும். எழுதப்பட்ட சட்டதிட்டம், உறுப்பினர் பட்டியல், ஆண்டுப் பொதுக்கூட்டம், தணிக்கை செய்யப்பட்ட கணக்கு ஆகியவை வேண்டும். பேராயரின் சொல்லுக்குக் கட்டுப்படும் சபையைவிட, கைதூக்கி வாக்களிக்கும் பாப்டிஸ்ட் சபைக்கு இந்தச் சட்டை எளிதாகப் பொருந்துகிறது. இங்கிலாந்து மண்ணில் முதல் பாப்டிஸ்ட் சபையை 1612ல் தொடங்கிய தாமஸ் ஹெல்விஸ், மனிதரின் ஆன்மாமீது அரசருக்கு அதிகாரமில்லை என்று எழுதிச் சிறைக்குப் போனவர். அவர் வழிவந்தவர்கள் அரசாங்கப் பதிவகத்தில் கச்சிதமாகப் பொருந்துவது வரலாற்றின் குறும்புதான்.

பொருந்தாத இடம் ஒன்று உண்டு. 2019ல் திருத்தப்பட்ட சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 2022 நவம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதன்படி ஒரு சமய அமைப்பின் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோர் சிங்கப்பூர்க் குடிமக்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையினர் குடிமக்களாக இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் ஒரே நன்கொடை 10,000 வெள்ளி அல்லது அதற்கு மேல் என்றால் தெரிவிக்க வேண்டும். அமைப்பைக் கட்டுப்படுத்தும் நிலையிலுள்ள வெளிநாட்டுத் தொடர்புகளையும் வெளிப்படுத்த வேண்டும். விலக்குக் கோரலாம், தானாகக் கிடைக்காது.

இதைக் காத்தோங்கின் வீட்டுக் கூடத்தில் வைத்துப் பார்க்கலாம். கூடியிருக்கும் பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் வேலை அனுமதியில் இருப்பவர்கள் என்று கொள்வோம். அவர்களில் ஒருவர் ஊரில் இருபது ஆண்டுகள் சபைக் கணக்கைப் பார்த்தவராகவும் இருக்கலாம். இங்கே அவர் பொருளாளராக முடியாது. பாப்டிஸ்ட் கொள்கைப்படி அவருடைய வாக்கும் குடிமகனின் வாக்கும் சமம்; ஆனால் பொறுப்பு சமமல்ல. மீதமுள்ள மூவரும் அவர்களுக்கு விருப்பமோ திறமையோ இருக்கிறதா என்று கேட்காமலே நாற்காலிகளில் அமர்த்தப்படுவார்கள்.

சட்டத்தின் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. மக்கள்தொகையில் 2020 கணக்கெடுப்பின்படி 18.9 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்களாக இருக்கும், பல சமயத்தவர் நெருங்கி வாழும் தீவில், சபையின் கடிவாளம் வெளிநாட்டவர் கையில் இருக்கக்கூடாது என்பது நியாயமான அக்கறையே. பொறுப்பாளர்கள் யார் என்பது சடங்கான கேள்வியும் அல்ல. சிட்டி ஹார்வெஸ்ட் சபையின் ஏறத்தாழ 50 மில்லியன் வெள்ளி தொடர்பான வழக்கில் ஆறு பேர் 2015ல் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பெயருக்குப் பொருளாளராக ஒரு குடிமகனை உட்கார வைத்து, பணத்தை வேறொருவர் கவனிப்பது சட்டத்தின் நோக்கத்தையே தோற்கடிக்கும். பிரச்சினை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் காசோலையில் கையெழுத்திட்ட அந்த அப்பாவிதான்.

இந்த இடத்தில் சிங்கப்பூர் பாப்டிஸ்டுகளின் சொந்தக் கதையைத் திரும்பிப் பார்ப்பது பயனுள்ளது. இங்கே முதல் பாப்டிஸ்ட் சபை 1937ல் சீனாவின் சுவாத்தோ பகுதியிலிருந்து வந்த தியோச்சூ மொழிக் கிறிஸ்தவர்களால் தொடங்கப்பட்டது. கடல்கடந்த சீனர் என்பது அதன் பெயரிலேயே இருந்தது. அவர்கள் தாய்மொழியில் வழிபட்டவர்கள், பிறந்த ஊரின் நினைவோடு கூடியவர்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை என்ற ஒன்றே அப்போது இல்லை. இன்றைய விதியை அவர்கள்மீது வைத்துப் பார்த்தால் அந்தச் சபை பிறந்திருக்குமா என்பது கடினமான கேள்வி. வந்தேறிகளின் சபை உள்ளூர்ச் சபையாக ஒரு தலைமுறைக் காலம் எடுத்தது. இன்று அந்தக் காலத்தை முதல் நாளிலேயே காட்டச் சொல்கிறோம்.

ஆகவே பெரும்பாலான மொழிக் குழுக்கள் வேறு வழியில் செல்கின்றன. ஏற்கெனவே பதிவான ஓர் ஆங்கிலச் சபையின் கீழ்த் தமிழ் ஆராதனையாக இயங்குகின்றன. மண்டபம் கிடைக்கும், கணக்காளர் கிடைப்பார், ஞானஸ்நானத் தொட்டிகூட இருக்கும். வாடகை மண்டபத்தில் தொடங்கும் பாப்டிஸ்டுகளுக்குத் தொட்டி சின்ன விஷயமல்ல. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்கு அருகில் இருப்பது அப்போது கைகொடுக்கும். தனியாகத் தொடங்கினால் இடம் பெரிய தலைவலி. ஜூ சியாட்டில் ஒரு கடைவீட்டை வாடகைக்கு எடுத்துச் சிலுவையும் பெயர்ப்பலகையும் மாட்டிவிட முடியாது. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிகள் உண்டு. ஊரிலிருந்து ஒரு போதகரை அழைத்துப் பேசவைக்க மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும். சுற்றுப்பயணியாக வந்தவர் பிரசங்க மேடை ஏற முடியாது. தாய்ச் சபையின் நிழலில் இருந்தால் இந்த வேலைகளுக்கெல்லாம் பழகிய ஆள் இருப்பார்.

ஆனால் நிழலுக்கும் விலை உண்டு. தமிழ்க் குழுவின் காணிக்கை பொதுக் கணக்கில் சேரும். தமிழ் போதகரை நியமிப்பது ஆங்கிலத்தில் நடக்கும் உறுப்பினர் கூட்டம். பத்து ஆண்டுகள் கழிந்தும் “தமிழ்ப் பிரிவு” என்றே அழைக்கப்படும் குழு, பாப்டிஸ்ட் அர்த்தத்தில் சபையே அல்ல. அது ஒரு துறை. இந்த ஏற்பாட்டைத் தொடக்கத்திலேயே காலவரம்போடு எழுதிக்கொள்வது நல்லது. எத்தனை குடிமக்கள், நிரந்தரவாசிகள் சேர்ந்ததும் தனிச் சபையாகும், அதுவரை தமிழ்க் குழுவின் கணக்கு தனியாகக் காட்டப்படுமா, போதகர் நியமனத்தில் அதன் குரல் என்ன என்பவை வாய்மொழியாக விடப்பட்டால் பின்னர் மனக்கசப்பாகவே முளைக்கும்.

வேலை அனுமதியில் இருப்பவர்களிடமும் உண்மையை முதலிலேயே சொல்ல வேண்டும். வாக்கு உண்டு, கற்பிக்கும் பணி உண்டு, பாடகர் குழு உண்டு. தலைவர், செயலாளர், பொருளாளர் பதவி இல்லை. அறநிறுவனமாகப் பதிவு செய்யும்போதும் நிர்வாகக் குழுவில் குறைந்தது மூவர் வேண்டும், அவர்களில் இருவராவது குடிமக்களோ நிரந்தரவாசிகளோ ஆக இருக்க வேண்டும். பதிவு செய்துவிட்டால் காணிக்கைக்கு வரிவிலக்குக் கிடைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். கிடைக்காது, அந்தச் சலுகை பொதுநல அமைப்புத் தகுதி பெற்றவற்றுக்கு மட்டுமே.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அனுமதி புதுப்பிக்கப்படாத ஒரே ஆண்டில் நான்கு குடும்பங்கள் சென்னைக்கோ சிட்னிக்கோ போய்விடலாம். நிரந்தரவாசிகளின் பிள்ளைகள் ஞாயிறு பள்ளியில் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறார்கள். கோரம் எத்தனை பேர் என்று சட்டதிட்டத்தில் எழுதும்போது, இன்று கூடத்தில் இருப்பவர்களை எண்ணாமல், ஐந்து ஆண்டுகள் கழித்து இருக்கக்கூடியவர்களை எண்ணி எழுத வேண்டியிருக்கும்.